ஐந்தாவது மேற்கோள்

முதலில் போனவர் உள்ளே இருந்தது இருபது நிமிஷம், அடுத்தவர் பதினெட்டு, இன்னும் இரண்டு பேர் போய் வந்தால் தன் முறை, அப்படிப் பார்த்தால் பன்னிரண்டு மணிக்குள் கூப்பிட்டுவிடுவார்கள் என்று செண்பகவல்லி கணக்குப் போட்டாள். போட்ட கணக்கையே இன்னொரு தரம் போட்டாள். பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், கூட்ட அறைக்கு வெளியே வரிசையாகக் கிடந்த இரும்பு நாற்காலிகளில் கடைசிக்கு முந்தினதில் உட்கார்ந்திருந்தாள். இணைப் பேராசிரியர்களைப் பேராசிரியர் ஆக்குவதற்கான நேர்காணல். கணிதத் துறையிலிருந்து இந்தத் தடவை அவள் ஒருத்திதான். ஐம்பத்திரண்டு வயதில், எத்தனையோ பேரை எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்ட பிறகு, இதற்கெல்லாம் உள்ளங்கை வியர்க்கலாமா? வியர்த்தது. கோப்பின் அட்டையில் கை பட்ட இடம் ஈரமாகிவிடக் கூடாதே என்று முந்தானை நுனியை மடித்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். காலையில் கோமதிநாயகம், அவள் கணவர், "இந்தச் சேலை நல்லாருக்கு, தைரியமாப் பேசு" என்று சொல்லிவிட்டுத்தான் மின்வாரிய ஆபீசுக்குக் கிளம்பினார். நல்ல மனுஷன். அவள் என்ன கணக்குப் போடுகிறாள் என்று கேட்டதில்லை, போடாதே என்றும் சொன்னதில்லை. கோப்பின் முதல் தாளில் மூன்று எண்கள் பெரிதாக அச்சாகியிருந்தன. கட்டுரைகள் முப்பத்தொன்று. மேற்கோள்கள் நானூற்றுப் பன்னிரண்டு. எச்-இன்டெக்ஸ் ஒன்பது. இருபத்தெட்டு வருஷத்தைக் கொடுத்தால் திரும்பி வந்தது இந்த மூன்று எண். ஒன்பது என்றால் ஒன்பது கட்டுரைகளை, ஒவ்வொன்றையும் ஒன்பது தடவையாவது, மற்றவர்கள் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எடுத்துச் சொன்னார்கள் என்றுதான் அர்த்தம், படித்தார்கள் என்றில்லை. அதற்கு எண் கிடையாது. படித்தவர்களை எண்ணுவதற்கு இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

"உங்களுக்கு எவ்வளவு மேடம்?" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து உதுமான் மைதீன் கேட்டார். தாவரவியல்காரர், அவருக்கும் இன்றைக்குத்தான். எதைக் கேட்கிறார் என்று விளக்கம் வேண்டியிருக்கவில்லை, காலையிலிருந்து இந்த வரிசையில் அந்த ஒரு கேள்விதான் நடமாடிக்கொண்டிருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு என்றாள். "கணக்குக்கு அது ரொம்ப அதிகம் மேடம், பயப்படாதீங்க. எனக்கு நாலாயிரத்துச் சொச்சம். அதுல மூவாயிரம் ஒரே பேப்பர். முப்பத்தெட்டுப் பேரு சேந்து எழுதினோம். நான் இருபத்திரண்டாவது ஆளு. எலைய அனுப்பி வச்சேன், அவ்வளவுதான்" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். அவளிடமும் அப்படி ஒன்று இருந்தது. நாலே நாலு பக்கக் குறிப்பு. குழாயில் வெப்பம் பரவுவதைக் கணினியில் போட்டுப் பார்க்கும்போது இடைவெளியை எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சின்ன யோசனை. ஒரு கோடை விடுமுறையில், மகளுக்கு அம்மை போட்டிருந்த பத்து நாளில், கட்டிலருகே உட்கார்ந்து வேப்பிலையால் விசிறிக்கொண்டே எழுதியது. இருநூற்று அறுபத்து மூன்று மேற்கோள் அதற்குத்தான். பொறியியல்காரர்கள் கட்டுரையின் முதல் பத்தியில் 'இத்துறையில் பலரும் ஆய்ந்துள்ளனர்' என்று எழுதி, நாலிலிருந்து பத்தொன்பது வரை என்று அடைப்புக்குள் ஒரு கூட்டத்தை அள்ளிப் போடுவார்களே, அந்தக் கூட்டத்தில் பதினோராவதாகவோ பன்னிரண்டாவதாகவோ அவள் நிற்பாள். கல்யாண வீட்டு போட்டோவில் ஓரத்தில் நிற்கிற சொந்தக்காரி மாதிரி. பட்டியலின் அடிப்பக்கத்தில் இன்னொன்று இருந்தது. இருபத்து நாலு பக்கம், மூன்று வருஷம். மேற்கோள் நாலு. அந்த நாலையும் அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். இரண்டு அவளே எழுதிய கட்டுரைகளில். ஒன்று அவளிடம் ஆராய்ச்சி செய்த பெண் எழுதியதில், அதுவும் இவள் சொல்லிச் சேர்த்தது. நாலாவது எங்கோ சீனாவில் ஒருவர், பெயரைத் தப்பாக எழுதி, கட்டுரையில் இல்லாத ஒன்றை அதில் இருப்பதாகச் சொல்லியிருந்தார். இருந்தாலும் அந்த ஆண்டு அவள் வீட்டில் பால்பாயசம் வைத்தாள். எதற்கென்று யாருக்கும் தெரியாது.

ஓடுகிற தண்ணீர் சுவரைத் தொடும் இடத்தில் ஒரு மயிரிழை அகலத்துக்குள் வேகம் தடாலென்று செத்துப்போகிறது. நடுவில் எங்கு பார்த்தாலும் சாதுவாக இருக்கும், எல்லாக் கூத்தும் அந்த மயிரிழைக்குள்தான். கணினி அந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடும், பார்க்கவே பார்க்காது, பார்த்த மாதிரி ஒரு விடையையும் கொடுத்துவிடும். அதைத் தாண்டவிடாமல் பிடிப்பது எப்படி என்பதுதான் அந்த இருபத்து நாலு பக்கம். அவளும் ஏசுவடியானும் எழுதியது. துறையில் எல்லாருக்கும் அவன் ஏசு. சாயர்புரம் பக்கத்துக்காரன். அவளுக்குக் கோவில்பட்டி. ஒரே வழிகாட்டியிடம் ஒரே வருஷம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர்கள். துறைக்கு இருந்தது ஒரே கணினி அறை, இவர்களுக்கு விட்ட நேரம் மத்தியானம் இரண்டிலிருந்து நாலு. எல்லாரும் சோற்றை உண்டுவிட்டுக் கண் சொக்குகிற நேரம் என்பதால் யாருக்கும் வேண்டாத நேரம். கணினிக்காக ஏ.சி. போட்டிருப்பார்கள், வெளியே நாக்கு வறளுகிற வெயில், உள்ளே குளிரில் அவள் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிரலை அடிப்பாள், அவன் பக்கத்து மேஜையில் பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில் நிறுவல் எழுதிக்கொண்டிருப்பான். அவள் விடையைச் சொல்வாள், அவன் தாளைப் பார்த்தபடியே "வராதுங்கேன்" என்பான். "வந்திருக்கே, இந்தா பாரு" என்பாள். "வந்திருக்கும். வரக் கூடாதுல்லா" என்பான். அப்புறம் நாலு மணி வரைக்கும் சண்டைதான். எது வந்தது, எது வரக் கூடாது, வந்ததற்கு எது பொறுப்பு. அதைக் காதல் என்று சொல்ல அவளுக்கு அன்றும் வாய் வரவில்லை, இன்றும் வராது. அவன் கை அவள் கையில் பட்டதாக ஒரு நாளும் ஞாபகமில்லை. ஆனால் ஒரு வாக்கியத்தை அவள் பாதியில் விட்டால் மீதியை அவன் முடிப்பான், தப்பாக முடிப்பான், தப்பென்று அவள் சொல்லும்போதே அவளுக்குச் சரியானது கிடைத்துவிடும். அப்படி ஒரு ஆள் அதற்கப்புறம் அவளுக்குக் கிடைக்கவில்லை. முப்பது கட்டுரையைத் தனியாகவும், தலையாட்டுகிறவர்களோடும் எழுதியாகிவிட்டது. வாக்கியங்களைத் தானே ஆரம்பித்துத் தானே முடித்தாகிவிட்டது.

மடியில் போன் அதிர்ந்தது. மகளாக இருக்கும் என்று எடுத்தாள். மகள் இல்லை. 'உங்கள் கட்டுரைக்குப் புதிய மேற்கோள்' என்று வழக்கமாக வரும் தானியங்கிக் கடிதம். வாரத்துக்கு ஒன்றிரண்டு வரும், எல்லாம் அந்தக் குழாய்க் குறிப்புக்கு, திறக்காமலே அழித்துவிடுவாள். அழிக்கப் போன விரல் நின்றது. இருபத்து நாலு பக்கத்தின் தலைப்பு அதில் இருந்தது. ஐந்து, என்று உதடு அசைந்தது. பிறகுதான் எழுதியவர் பெயரைப் பார்த்தாள். லென்கா. ப்ராட்டிஸ்லாவா பல்கலைக்கழகம். இந்தப் பெயர் அவளுக்குத் தெரியும். பதினாலு மாசத்துக்கு முன்னால் இதே பெயரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'மதிப்பிற்குரிய பேராசிரியருக்கு, உங்கள் கட்டுரையை மிகுந்த ஆர்வத்துடன் படித்துவருகிறேன், நான்காவது லெம்மாவில், அந்தத் துணைத்தேற்றத்தில், ஒரு வரி எனக்குப் புரியவில்லை, உதவ முடியுமா?' எந்த வரி என்று கடிதத்தில் கீழே போய்ப் பார்க்க வேண்டிய அவசியமே அவளுக்கு இருக்கவில்லை. 'இந்த மாறிலி எப்சிலானைச் சாராதது என்பதை எளிதில் காணலாம்.' எப்சிலான் என்று அவர்கள் பெயர் வைத்திருந்தது அந்த மயிரிழை அகலத்துக்கு. அந்த வரிதான். வேறு எதுவாக இருக்க முடியும். எளிதில் காணலாம். எளிதில் காண முடிந்திருந்தால் இருபத்து நாலு வருஷமாக அவள் ஏன் அந்தப் பக்கத்தைத் திறக்காமல் இருக்கிறாள்? ஏசுதான் முதலில் சொன்னான். "செண்பகம், நாலாவது லெம்மா உறுத்துது. சரியாத்தான் இருக்கும், ஆனா நம்ம இன்னும் காட்டல." அந்த வாரமே அவன் அப்பாவுக்குப் பக்கவாதம் என்று தந்தி வந்து ஊருக்குப் போனான். ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு விளம்பரம் வந்திருந்தது, ஆய்விதழுக்குக் கட்டுரை ஒன்று அனுப்பியிருந்தால்தான் விண்ணப்பத்தில் காட்ட முடியும். பதினோரு நாள் காத்திருந்தாள். வழிகாட்டி, "அனுப்பிடும்மா, மதிப்பிடறவங்க கேட்டா அப்பப் பாத்துக்கலாம்" என்றார். அவர் சொன்னது சாக்கு. அவர் சொல்லாவிட்டாலும் அனுப்பியிருப்பாள். அந்த இடத்தில் ஒன்றரைப் பக்கம் இருக்க வேண்டியதை ஒரு வரியால் மூடி, அவன் பெயருக்கு நேரே அவன் கையெழுத்தையும் தானே போட்டு, கவரை ஒட்டினாள். மதிப்பிட்டவர்கள் யாரும் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. அவன் திரும்பி வந்தபோது அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் கோபப்பட்டிருந்தால் தேவலை. "சரி" என்றான். மூன்று மாசத்தில் ஆராய்ச்சியை விட்டுவிட்டு, அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று ஊரோடு போய்விட்டான். அப்பாவுக்காகத்தான் போனானா? அப்பாவுக்காகவும்தான் போனான். இந்த இரண்டு எழுத்தில், அந்த 'உம்'மில், அவள் எத்தனை வருஷம் மாட்டிக்கொண்டு கிடந்திருக்கிறாள். லென்காவுக்கு அவள் பதில் எழுதவில்லை. நாளைக்கு எழுதலாம், பரீட்சை முடியட்டும், தாள் திருத்தி முடியட்டும். கேள்வி கேட்டு ஒருத்தி வந்திருக்கிறாள், ஆயுசிலேயே முதல்முறையாக நிஜமாகவே படித்த ஒருத்தி, அவளைப் பார்த்துக் கதவை அடைத்துக்கொண்டாள்.

"தண்ணி குடிக்கிறீங்களா மேடம்?" என்றார் உதுமான் மைதீன். முகம் மாறியிருக்க வேண்டும். வாங்கி இரண்டு மடக்குக் குடித்தாள். பிறகு லென்காவின் கட்டுரையைத் திறந்தாள். எழுத்து போனில் எறும்பாக ஊர்ந்தது, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தாள். முன்னுரையிலேயே இருந்தது, அவளும் ஏசுவும் எழுதியதற்கு அங்கே ஏழாம் எண். 'ஏழாம் மேற்கோளில் உள்ள நிறுவல், நான்காம் லெம்மாவைப் பொறுத்தவரை, முழுமையானதல்ல.' அவ்வளவுதான். இத்தனை வருஷம் இந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்து செத்தாள். வந்துவிட்டது, கட்டடம் இடிந்துவிடவில்லை, நடைபாதைக் கோடியில் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. அடுத்த வாக்கியம்: 'எனினும் முடிவு சரியானதே. இடைவெளியை இரண்டாம் பகுதியில் நிரப்புகிறோம்.' முடிவு சரியானதே. அவள் இரண்டாம் பகுதிக்குத் தாவினாள். அங்கே ஒரு சார்பை, ஒரு ஃபங்ஷனை, கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள், சுவருக்குப் பக்கத்தில் மட்டும் உயர்ந்து மற்ற இடத்தில் படுத்துக்கிடக்கிற சார்பு. அதை வைத்து எதிர்ப்பக்கத்திலிருந்து, கடைசியிலிருந்து முன்னால், வந்திருந்தார்கள். அந்த வரவு. ப்ராட்டிஸ்லாவாவில் யாரும் இப்படி வரமாட்டார்கள். எல்லாரும் முன்வாசலில் நிற்கும்போது கொல்லைப்புறமாகச் சுற்றி வந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிடுகிற இந்தப் புத்தியை அவளுக்குத் தெரியும். விரல் தானாகக் கடைசிப் பக்கத்துக்குப் போனது. நன்றியுரை. 'இரண்டாம் பகுதியின் வாதம் முழுவதும் ஏழாம் மேற்கோளின் இரண்டாம் ஆசிரியர், தூத்துக்குடி மாவட்டப் பள்ளி ஆசிரியர் எஸ். ஏசுவடியான் அவர்களுடையது. எங்கள் கடிதத்துக்குப் பதிலாக அவர் அதைக் கையால் எழுதி அனுப்பினார். இணை ஆசிரியராகச் சேர அவர் மறுத்துவிட்டார்.' அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். நிமிர்த்தி மறுபடி படித்தாள். அவன் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டு, சந்தைக்குப் போய்க்கொண்டு, அப்பாவை அடக்கம் பண்ணிவிட்டு, அந்த ஒரு வரியை விடாமல் வைத்திருந்தான். எத்தனை வருஷம் ஆகியிருக்கும்? என்றைக்குக் கிடைத்திருக்கும்? கிடைத்த அன்றைக்கு யாரிடம் சொல்லியிருப்பான்? இந்தக் கேள்வியில் வந்து அவள் நின்றாள். அந்த மாதிரி ஒன்று கிடைத்தால் உடனே யாரிடமாவது சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் அது பழுக்கக் காய்ச்சின கம்பி மாதிரி கையில் இருக்கும். அதை அவன் தனியாக, ஒரு ஊரில், ஒரு வீட்டில், கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். அவளிடம் சொல்லவில்லை.

பதினொன்று ஐம்பதுக்கு அவளைக் கூப்பிட்டார்கள். நீள மேஜைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர், நடுவில் குழுத் தலைவர். வெளியூரிலிருந்து வந்த கணித நிபுணர் ஒருவர், நரைத்த தாடி, பெயரைச் சொன்னார்கள், அவள் காதில் ஏறவில்லை. பாடத்திட்டம், மாணவர் எண்ணிக்கை என்று சம்பிரதாயமாகப் போய்க்கொண்டிருந்தது. அவளும் யாரோ பேசுவது போலப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் தாடிக்காரர், "உங்க பேப்பர்கள்லயே எதைச் சிறந்ததுன்னு நினைக்கிறீங்க மேடம்?" என்று கேட்டார். எல்லாரையும் கேட்கிற கேள்விதான். பதிலும் எல்லாரும் சொல்கிற பதிலாக வீட்டிலேயே தயார் செய்திருந்தாள், குழாய், இருநூற்று அறுபத்து மூன்று, தொழில்துறைப் பயன்பாடு. "பட்டியல்ல அடியிலேருந்து மூணாவது சார்," என்றாள். அவர் தாளைப் புரட்டினார். "இதுக்கு நாலு சைட்டேஷன்தானே இருக்கு?" "இப்ப அஞ்சு. ஒரு மணி நேரம் முன்னாடி வந்தது. எங்க நிறுவல்ல ஓட்டை இருக்குன்னு சொல்றதுக்காகக் காட்டியிருக்காங்க. அவங்க சொல்றது சரி." தலைவர் பேனாவை மூடினார், திறந்தார். "ஓட்டை இருக்குன்னு எனக்கு அப்பவே தெரியும் சார். வேலைக்கு விண்ணப்பம் போடணும்னு, கூட எழுதினவரைக் கேக்காம, அவர் கையெழுத்தையும் நானே போட்டு அனுப்பிட்டேன். இப்ப அதை அடைச்சதும் அவர்தான். விண்ணப்பத்துல பங்களிப்புக் கட்டத்துல எனக்கு எழுபது சதவீதம், அவருக்கு முப்பதுன்னு எழுதியிருக்கேன். அதை மாத்தணும்." "மேடம், இருபத்து நாலு வருஷத்துக்கு முந்தின சமாச்சாரம். இதெல்லாம் இங்க எதுக்கு?" என்றார் தலைவர், பதறிப்போய், நல்லெண்ணத்தில்தான். தாடிக்காரர் மட்டும் முன்னால் சாய்ந்து, "எப்படி அடைச்சார்?" என்று கேட்டார். அந்த ஐந்து பேரில் அவருக்கு மட்டும் நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. அவள் எழுந்து பலகையில் அந்தச் சார்பை வரைந்து காட்டினாள். "அடேயப்பா," என்றார் அவர், மெதுவாக. பதவி உயர்வு ஆணை இரண்டு மாசம் கழித்து வந்தது. அந்தக் கட்டத்தை யாரும் திருத்தவில்லை. அவளைப் பேராசிரியர் ஆக்கியது எண்ணிக்கைதான், அம்மைக் கட்டிலருகே எழுதின அந்த நாலு பக்கம்தான். ஆனால் அன்றைக்கு அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது அவள் அதையெல்லாம் நினைக்கவில்லை. உதுமான் மைதீன் "எப்படி மேடம்?" என்று கேட்டதற்கு என்ன சொன்னோம் என்றுகூட ஞாபகமில்லை. படி இறங்கினாள். பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் அவன் எண் ஆறு வருஷமாக இருந்தது. அவன் ஒரு வரி போட்டதில்லை. அவனுடைய படத்தின் இடத்தில் ஒரு சைக்கிள் நிற்கும். சில நாள் அந்தச் சைக்கிளைத் திறந்து பார்த்துவிட்டு மூடியிருக்கிறாள். நேர்காணல் நீண்டு மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு நேரம். யோசித்தால் முடியாது என்று யோசிக்காமல் அழுத்தினாள்.

"வணக்கம், யாருங்க?" பின்னால் பிள்ளைகளின் கூச்சல். குரல் கொஞ்சம் தடித்திருந்தது, வேறொன்றும் மாறவில்லை. "செண்பகவல்லி" என்றாள். அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தப்பட்டது, கூச்சல் அடங்கியது. "சொல்லுங்க," என்றான். "நல்லாருக்கீங்களா?" நீங்க என்றான். அவள் ஒரு கையால் மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். நியாயம்தான், இருபத்து நாலு வருஷத்துக்கு யாராக இருந்தாலும் நீங்கதான், இருந்தாலும் எங்கோ ஒரு இடத்தில் அது தைத்தது. "லென்கா பேப்பரைப் பாத்தேன். இப்பத்தான்" என்றாள்.

"வந்திருச்சா? நல்லது. அந்தப் பிள்ளை உங்களுக்குத்தான் முதல்ல எழுதுச்சாம். பதில் இல்லன்னு எனக்குப் போட்டுது. உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு நினைச்சேன். யார்ட்ட கேக்கதுன்னு தெரியல."

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. பயந்துட்டேன்."

அவளே தொடர்ந்தாள், "அப்பக் கேக்காம அனுப்பினது தப்பு. உன் கையெழுத்தை நான் போட்டது தப்பு. அதை உங்கிட்டச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகிருக்கு."

"அனுப்பாதன்னு நானும் சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா," என்றான். "உறுத்துதுன்னு மட்டுந்தான் சொன்னேன். விடுங்க. உங்களுக்கும் வேலை வேணும்லா." பிறகு, "அது கிடைச்சே ஒம்பது வருஷமாச்சு. ஒரு பரீட்சை ஹால்ல சூப்பர்விஷன் போட்டிருந்தாங்க, சும்மா நடந்துக்கிட்டிருந்தேன், பிடிபட்டுது" என்றான்.

"ஒம்பது வருஷமா? எனக்கு ஏன் அனுப்பல?"

"அனுப்பலாம்னு கவர்ல விலாசம்கூட எழுதுனேன். அனுப்பிட்டா அதோட முடிஞ்சிரும்னு தோணுச்சு. அதான் வச்சுக்கிட்டேன்."

எது முடிந்துவிடும் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அவன் லெம்மா என்பான். வெயில் படிக்கட்டின் பாதி வரை வந்து நின்றது. கீழே யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். இன்னும் இரண்டு வார்த்தை பேசினால் 'சரி, வைக்கட்டுமா' என்று வந்துவிடும், அவள் அவசரமாக, "அந்தச் சார்பைச் சுவர்ப்பக்கம் உயர்த்தியிருக்கியே, மூலையில என்ன ஆகும்? ரெண்டு சுவர் சேர்ற இடத்துல ரெண்டு அடுக்கும் மோதும்ல? அங்க உயராது, உடையும்னு நினைக்கேன்" என்றாள். படிக்கும்போதே தோன்றியதுதான். தப்பாகத்தான் இருக்கும் என்றும் தெரியும்.

"உடையாது," என்றான் உடனே. நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. "இல்ல இல்ல, நீ அப்படிப் பாக்காத. நீ ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்புத. முதல்ல ஒரு சுவரை மறந்திரு. மறந்துட்டியா? இப்ப இன்னொன்னு பக்கத்துல நீ எப்சிலானைச் சின்னதாக்கிக்கிட்டே வா…" பேசிக்கொண்டே போனான். நீ என்று சொல்லிக்கொண்டிருப்பதை அவன் கவனிக்கவில்லை. அவள் படியிலேயே உட்கார்ந்தாள். அவன் சொல்வது இரண்டாவது வாக்கியத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"அது ஏன் அப்படி?" என்று கேட்டாள்.